ஒன்றரை அங்குல ஒயர்

அமிர்திப் பக்கத்திலிருந்து வேலூர் கோர்ட்டுக்கு மின்சார வழக்கு வந்தால் அது பெரும்பாலும் கரண்ட் வேலி வழக்காகத்தான் இருக்கும். ஜவ்வாது மலையடிவாரம். மல்லாட்டை போட்டால் காட்டுப்பன்றி வரும். பன்றிக்கு இழுத்த கம்பியில் பன்றியும் சாகும், சில நேரம் பக்கத்துக் கொல்லைக்காரரும் சாவார். மின்வேலிக்கென்று தனி விதியே பின்னால் 2023-ல் தமிழ்நாட்டில் வந்தது. அவ்வளவு பழகிய வழக்கு என்பதால் 2022 கடைசியில் என் ஜூனியர் 'அமிர்தி கேஸ் ஒன்று, கரண்ட் சம்பந்தப்பட்டது' என்று கட்டை மேசையில் வைத்தபோது, இறந்தவர் யார் என்றுதான் முதலில் கேட்டேன். யாரும் இறக்கவில்லை. ரிமோட்டை அழுத்தினால் தானே ஓடித் திறக்கும் வீட்டு கேட் ஒன்று, அந்த வீட்டுக் காவலாளியைத் தூணோடு சேர்த்து நசுக்கியிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு அமிர்தி என்றால் 1967-ல் தொடங்கிய வனவிலங்குப் பூங்கா, மழை பெய்தால் ஓடும் ஆறு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். அந்த ரோட்டோரமாக இப்போது பண்ணை வீடுகள் நிறைய. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் தோல் ஷாப்காரர்களும் சிலர் அங்கே நிலம் வாங்கியிருக்கிறார்கள். தோல் ஷாப் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் என்ன ஆயின என்பதை வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் எழுதி வைத்துவிட்டது. வசதி உள்ளவர்கள் நல்ல தண்ணீர் தேடி மலையடிவாரம் வந்ததில் வியப்பில்லை.

இந்த வீடும் அப்படி ஒரு ஆம்பூர்க் குடும்பத்துடையது. காவலுக்கு இருந்தவர் அதே முதலாளியின் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் வேலை செய்தவர். தோலில் புண் வந்து அந்த வேலை முடியாமல் போனதும், முதலாளி அவரையும் மனைவியையும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள இங்கே அனுப்பினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

கேட் உருவான விதத்தைச் சொன்னால்தான் வழக்கு புரியும். வீட்டுப் பாதை ரோட்டிலிருந்து மேடேறிப் போகிறது. உள்பக்கம் திறக்கும் கதவு வைத்தால் அடி தட்டும், வெளிப்பக்கம் திறந்தால் ரோட்டை மறிக்கும். அதனால் பக்கவாட்டில் ஓடும் ஸ்லைடிங் கேட். கணியம்பாடிப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் பாக்ஸ் பைப்பில் சட்டம் கட்டி, ஷீட் அடித்து, பதினான்கு அடி நீளத்தில் செய்தார்கள். கீழே இரண்டு வீல், அவை ஓட தரையில் கவிழ்த்துப் பதித்த ஆங்கிள், மேலே சாயாமல் பிடிக்க கைடு ரோலர். கையால் தள்ளும் கேட் என்றுதான் பட்டறைக்காரர் செய்து கொடுத்தார். சுவரோரமாகவும் தரை சாய்வு என்பதால் மூடும்போது கேட் லேசாக மேடேற வேண்டும். கையால் தள்ளுகிறவருக்கு அது ஒரு மூச்சு கூடுதல், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழித்து முதலாளிக்கு மோட்டார் ஆசை வந்தது. வேலூர் டவுனில் ஒரு கடையில் இறக்குமதி மோட்டார் வாங்கினார்கள். கடை ஆளே வந்து கான்கிரீட் மேடை போட்டு மோட்டாரை உட்காரவைத்து, கேட்டின் அடிச்சட்டத்தில் பல் ரேக் அடித்து ஓட்டிக் காட்டினார். வீட்டு டி.பி.யிலிருந்து கேட் தூண் வரை பைப்பில் ஒயர் இழுத்தது வேறொருவர், வீடு கட்டும்போது ஒயரிங் பார்த்த உள்ளூர் எலக்ட்ரீஷியன். ஆக கேட் ஒருவர், மோட்டார் ஒருவர், ஒயர் ஒருவர். நோட்டீஸ் அனுப்பியபோது மூவரும் தங்கள் வேலை சரியாகத்தான் இருந்தது என்று பதில் போட்டார்கள். மாட்டிய அன்றைக்கு என்று சேர்த்துக்கொண்டால் மூன்று பதிலும் உண்மை.

இப்படிப்பட்ட மோட்டாரில் ஆளைக் காப்பாற்ற இரண்டு ஏற்பாடு உண்டு. ஒன்று ஃபோட்டோசெல். வழியின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இரண்டு சின்னப் பெட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் ஆளோ ஆடோ நின்றால் மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்று திரும்பத் திறக்கும். இன்னொன்று போர்டிலேயே இருக்கும் விசைத் திருகு. எதிலாவது முட்டி எதிர்ப்பு வந்தால் எவ்வளவு எதிர்ப்பில் மோட்டார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அதில் வைக்கலாம். மேடேறும் கேட் என்பதாலும், மழைக்கு அடித்துவரும் சரளை ஆங்கிளில் சேர்ந்து கேட் பாதியில் நின்றுபோனதாலும், அந்தத் திருகைக் கடைசி வரை திருகி வைத்திருந்தார்கள். ஒரு காப்பு அப்படிப் போயிற்று.

இன்னொரு காப்பு, ஃபோட்டோசெல், போனது குரங்கால். அமிர்திக் குரங்கைப் பற்றி அங்கே போனவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. ஃபோட்டோசெல் பெட்டி மேல் உட்காரும், பிடித்துத் திருகும், வாலைத் தொங்கவிடும். கதிர் மறைந்தால் கேட் மூடாது. ராத்திரி முழுக்கக் கேட் திறந்து கிடந்தால் பன்றியும் மானும் தோட்டத்துக்குள் வந்துவிடும். முதலாளி ஆம்பூரில் இருக்கிறார், கேட் மூடவில்லை என்று பெரியவர் போன் செய்துகொண்டே இருக்கிறார். ஒரு நாள் கடை ஆள் வந்தார், பார்த்தார், போனார். அதற்குப் பிறகு கேட் குரங்கைப் பொருட்படுத்தாமல் சொன்னபடி மூடியது.

விபத்து நடந்தது சாயங்காலம். பெரியவர் டி.வி.எஸ். ஐம்பதில் மாட்டுத் தீவன மூட்டை ஏற்றி வருகிறார். ரிமோட்டை அழுத்தினார், கேட் திறந்தது. வாசலைத் தாண்டும்போது மூட்டை சரிந்து விழுந்தது. வண்டியை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, தூணோரம் கிடந்த மூட்டையைக் குனிந்து தூக்குகிறார். குறித்த நேரம் ஆனதும் தானே மூடும்படி கேட்டில் ஏற்பாடு இருந்தது. இடுப்பில் வந்து முட்டிய கேட் நிற்கவில்லை. தூணுக்கும் கேட்டுக்கும் நடுவே அவரை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, புத்தியுள்ள பெண்மணி, நேரே போய் மெயினை இறக்கினார். கரண்ட் போயிற்று, கேட் அசையவில்லை. இந்த மோட்டாருக்குள் இருப்பது வார்ம் கியர். மோட்டார் கேட்டைத் தள்ளும், ஆனால் கேட்டைப் பிடித்து யார் தள்ளினாலும் மோட்டார் சுழலாது. கரண்ட் இல்லாதபோது கையால் திறக்க ஒரு சாவி தருவார்கள். அந்தச் சாவி முதலாளி அறை அலமாரியில், பூட்டுக்குள். எதிர்க் கொல்லையில் இருந்தவர்கள் கடப்பாரை கொண்டுவந்து கேட்டை நெம்பி ஆங்கிளைவிட்டு வெளியே தள்ளித்தான் அவரை எடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் முதலாளி கட்டினார். நான்கைந்து மாதம் சம்பளமும் நிறுத்தவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவரைப் பற்றி வேறு சிலதும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியவர் ஊன்றுகோலோடு ஆபீஸ் படியேறி வந்தார். முதலில் சொன்னது இதுதான்: "மொதலாளிய மட்டும் இஸ்துடாதீங்க சார். அவுரு மேல கேஸ் வாணாம்."

கட்சிக்காரர் இப்படிச் சொன்னால் வக்கீலின் பாதி வழி அடைபடும். வேலை செய்யும் இடத்தில் காயம் என்றால் அப்போது அமலில் இருந்த 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் தொழிலாளர் துணை ஆணையரிடம் போகலாம். பண்ணை வீட்டுக் காவலாளி அந்தச் சட்டத்தின் அட்டவணைக்குள் வருவாரா என்பதே ஒரு தனி வழக்காகிவிடும். அதைத் தாண்டினாலும் எதிரே நிற்பது முதலாளி. சப்-கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு மூன்று ரூபாய் கோர்ட் ஃபீஸ். ஏழை என்று மனுப் போட்டு விலக்குக் கேட்கலாம், அந்த மனு முடியவே காலம் ஆகும்.

மிச்சமிருந்தது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபோது பழைய சட்டத்தில் இல்லாத ஒரு அத்தியாயத்தைக் கொண்டுவந்தது: பொருளால் உண்டான தீங்குக்கு அதைச் செய்தவர், விற்றவர், பராமரித்தவர் பொறுப்பு. 82 முதல் 87 வரையுள்ள பிரிவுகள். எதிர்த்தரப்பின் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மோட்டார் வாங்கியது முதலாளி, பில் அவர் பெயரில், இவர் எப்படி நுகர்வோர்? விடை 2(7)-லேயே இருக்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். முதலாளி வாரத்துக்கு ஒரு முறை அந்த ரிமோட்டைத் தொட்டிருப்பார். தினம் பத்துத் தடவை அழுத்தியது பெரியவர்.

இன்னொரு வசதி கட்டணத்தில். எந்த நுகர்வோர் ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் இப்போது பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல. கார் வாங்கியவருக்கும் பேனா வாங்கியவருக்கும் இதனால் வேறுபாடு வருகிறதே என்று சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025-ல் அந்த ஏற்பாடு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஐந்து லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணமே கிடையாது. மோட்டார் விலை சில பத்தாயிரங்கள். பைசா கட்டாமல் சத்துவாச்சாரியில் மாவட்ட ஆணையத்தில் மனுவைக் கொடுத்தோம். கடைக்காரர் முதல் எதிர்த்தரப்பு, இறக்குமதி நிறுவனம் இரண்டாவது.

ஜூனியர் ஷைல்குமாரி வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அறுந்து கிடந்த மின்கம்பியில் சைக்கிளில் வந்தவர் இறந்தபோது, யார் தவறு என்று பார்க்காமலே மின் வாரியம் பொறுப்பு என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. மின்சாரம் என்ற சொல்லைக் கண்டாலே அதை எடுத்து வைப்பது எங்கள் தொழிலில் பழக்கம். ஆனால் இங்கே ஆளைக் கரண்ட் அடிக்கவில்லை, இரும்பு அழுத்தியது. அந்தத் தீர்ப்பைப் பட்டியலில் சேர்த்தேன், வாதத்தில் அதன்மேல் எடை போடவில்லை. எனக்கு வேண்டியது மோட்டாருக்குள் இருந்தது.

கேட்டை நேரில் பார்வையிட ஆணையர் வேண்டும் என்று மனுப் போட்டோம். வக்கீல் ஆணையர் ஒருவரும், அவருக்குத் துணையாக மின்பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரும் வந்தார்கள். இரு தரப்பும் நிற்க, மோட்டார் கவரின் திருகுகளைக் கழற்றினார்கள். உள்ளே ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டெர்மினல் வரிசையைப் பார்த்தார். ஃபோட்டோசெல்லுக்கான இரண்டு திருகுக்கும் நடுவில் மஞ்சள் ஒயர், ஒன்றரை அங்குலம் இருக்கும், லாடம் போல வளைத்துச் சொருகியிருந்தது.

வக்கீல்களுக்குப் புரியட்டும் என்று அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். ஃபோட்டோசெல்லின் சுற்று எப்போதும் மூடியே இருக்கும் சுற்று. கதிர் விழும்வரை அந்த இரண்டு முனையும் சேர்ந்திருக்கும், மறைத்தால் பிரியும். எலி ஒயரைக் கடித்தாலும் பிரியும், பெட்டிக்குக் கரண்ட் போனாலும் பிரியும். பிரிந்தால் கேட் மூடாது. எது கெட்டாலும் ஆளுக்கு ஆபத்தில்லாத பக்கமாகவே கெட வேண்டும் என்று யோசித்துச் செய்தது. அதைத் தோற்கடிக்க ஒரே வழி அந்த இரண்டு முனையையும் நிரந்தரமாகச் சேர்த்துவிடுவது. தொழிலில் லூப் போடுவது என்பார்கள். லூப் போட்ட பிறகு நடுவில் யானை நின்றாலும் வழி காலி என்றுதான் போர்டு நினைக்கும்.

அடுத்து விசை. பேராசிரியர், முதலாளி ஷாப்பில் தோல் கட்டு நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுவரச் செய்திருந்தார். கேட்டின் பின்முனையில் ஒரு கொக்கி, சுவரில் அடித்த வளையத்தில் இன்னொரு கொக்கி. மூடச் சொன்னால் கேட் தராசை இழுக்கும். முள் எண்பது கிலோவைத் தாண்டியதும் போதும் என்று கையைக் காட்டினார். ஐரோப்பாவில் இ.என். 12453 என்ற தர நிர்ணயம், கேட் முனைக்கும் தூணுக்கும் இடையே ஆள் நசுங்கக்கூடிய குறுகிய இடத்தில் அழுத்தம் 400 நியூட்டனை, அதாவது ஏறத்தாழ நாற்பது கிலோ எடையை, மீறக் கூடாது என்கிறது. அந்த அழுத்தமும் முக்கால் நொடிக்குள் 150 நியூட்டனுக்கு இறங்கியாக வேண்டும். அமெரிக்காவின் யு.எல். 325 விதி, ஆள் சிக்கக்கூடிய திசை ஒவ்வொன்றிலும் ஒன்றையொன்று சாராத இரண்டு காப்பு வேண்டும் என்கிறது. ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும் என்ற கணக்கு. அமிர்தியில் இரண்டும் மனிதக் கையாலேயே எடுக்கப்பட்டிருந்தன.

கவரை மூடப்போகும்போதுதான் வக்கீல் ஆணையர் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கடையின் சர்வீஸ் ஸ்டிக்கர். வந்த தேதிகளைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. கடைசி வரியில் ஒரு தேதி, பக்கத்தில் 'சென்சார் பைபாஸ்', அதன் கீழே ஒரு சுருக்கொப்பம். லூப் போட்ட பையன் ஒளிக்கவில்லை. அடுத்து வருகிறவருக்குத் தெரியட்டும் என்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறான். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இந்த வழக்கில் எனக்குப் பாதி பலம்தான்.

கடைக்காரரின் பதிலுரையில் இரண்டு தற்காப்பு. முதலாவது, பையன் ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தக் கணக்கில் போனான், பில் இல்லை, கடைக்குத் தெரியாது. இரண்டாவது, லூப் போடச் சொன்னதே வீட்டுக்காரர்தான். இரண்டாவதை நிரூபிக்க வாட்ஸ்அப் குரல் செய்தி ஒன்றை, மின்னணுச் சாட்சியத்துக்கான 65-பி சான்றிதழோடு முறையாகத் தாக்கல் செய்தார்கள். ஆணையத்தில் ஓடவிட்டுக் கேட்டோம். முதலாளி குரல்தான்: "தம்பி, அந்தக் கண்ணைக் கழட்டிப் போட்டுடு. கொரங்கு ஒக்காந்தா கேட் மூட மாட்டேங்குது. ராத்திரி பூரா தொறந்தே கெடக்குது." பின்பெஞ்சில் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி வெளியே போய் நின்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் பழைய நண்பர், கெட்டிக்காரர். ஒலிப்பதிவு சட்டப்படி சரியா என்று நான் ஒரு மணி நேரம் சண்டை போடுவேன் என்று தயாராக வந்திருந்தார். ஆட்சேபணை இல்லை, ஆவணமாகக் குறியிடலாம் என்று எழுந்து சொல்லி உட்கார்ந்தேன். அந்தச் செய்தி போன எண், கடைப் பலகையில் போட்டிருக்கும் எண். போன தேதிக்கு மறுநாள் ஸ்டிக்கரில் இருக்கும் தேதி. கடைக்கு வந்த புகார், கடை அனுப்பிய ஆள், கடை ஸ்டிக்கரில் பதிவு. சொந்தக் கணக்கில் போனான் என்ற முதல் தற்காப்பை அவர்கள் கொண்டுவந்த சாட்சியமே முடித்துவிட்டது. நண்பருக்கு அது அன்றைக்கே புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் 87-வது பிரிவைப் பிடித்தார். தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மேல் வழக்கு நிற்காது என்று அது சொல்கிறது. லூப் ஒரு மாற்றம்தானே? மாற்றம்தான். ஆனால் அதற்கு முந்திய 86-வது பிரிவு, மாற்றியது விற்றவரே என்றால், தீங்குக்கு அந்த மாற்றம் முக்கியக் காரணம் என்றால், அவர் பொறுப்பு என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 87 காப்பது மற்றவர் செய்த மாற்றத்திலிருந்து மட்டுமே. தானே மாற்றிவிட்டு, மாற்றப்பட்டதே என்று கைவிரிக்க அதில் இடமில்லை.

கையேடு அவர்களுடைய துருப்புச் சீட்டு. ஃபோட்டோசெல் பொருத்தாவிட்டால் இந்த இரண்டு முனையையும் இணைத்துவிடவும் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருந்தார். நண்பர் அந்த வரியை இரண்டு தடவை நிறுத்திப் படித்தார். பொய்யில்லை, சோதித்துப் பார்க்கவும் முதலில் ஓட்டிப் பார்க்கவும் அப்படி ஒரு வழி வேண்டும். நான் அதே கையேட்டில் நான்கு பக்கம் தள்ளிப் படித்தேன்: ஃபோட்டோசெல் இல்லாமல் தானே மூடும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். பேராசிரியரின் அறிக்கையும் அதையே சொன்னது. தானே மூடுவதை நிறுத்தப் போர்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, நகத்தால் தள்ளினால் போதும். அதைத் தள்ளியிருந்தால் பெரியவர் பார்த்து அழுத்தினால்தான் கேட் மூடும். குரங்குக்கும் மருந்து இருந்தது. பெட்டிகளைத் தூணுக்குள் பதித்து இரும்புக் கூடு போட்டிருக்கலாம். வாங்கினவர் எரிச்சலில் எதையும் கேட்பார், அது அவர் உரிமை. அதைச் செய்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் மறுத்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இது எதிர்பாராத விபத்து என்ற பேச்சும் வந்தது. 2010-ல் சில நாள் இடைவெளியில் மான்செஸ்டரில் ஒரு சிறுமியும் வேல்ஸில் பிரிட்ஜெண்டில் ஒரு சிறுமியும் இதே மாதிரி மின் கேட்டில் நசுங்கி இறந்தார்கள். பிரிட்ஜெண்ட் வழக்கில் கேட்டை நிறுவிய நிறுவனமும் பராமரித்த நிறுவனமும் பின்னால் கோர்ட்டில் அபராதம் கட்டின. அதைச் சொன்னபோது ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், அங்கேயும் ஃபோட்டோசெல் இல்லையா என்று. கேட்டின் அழுத்தத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை என்றேன்.

முதலாளி சாட்சியாக பிரமாண வாக்குமூலம் கொடுத்திருந்தார். நண்பர் அவருக்கு எழுத்தில் அனுப்பிய வினாக்களில் ஒன்று குறிபார்த்து எறிந்தது: உங்கள் தோல் ஷாப்பில் ஓடும் இயந்திரத்தின் காப்பை, வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றச் சொல்வீர்களா? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவு, சுழலும் பாகத்துக்கு வேலி போடச் சொன்னது. தோல் ஷாப் நடத்துகிறவருக்கு அது மனப்பாடம். முதலாளி எழுதிய பதில்: "சொல்ல மாட்டேன். அங்கே இன்ஸ்பெக்டர் வருவார்." இந்த வழக்கில் யாரும் இவ்வளவு நேர்மையாக ஒரு வாக்கியம் சொல்லவில்லை. என் கட்சிக்காரர் தரப்புக்கு அது உதவியும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆனால் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

அப்படியானால் பாதிப் பொறுப்பு வீட்டுக்காரருடையது, அவரைச் சேர்க்காத மனு செல்லாது என்று நண்பர் முடித்தார். என் பதில்: பாதிக்கப்பட்டவர் தானும் தவறு செய்திருந்தால் தொகை குறையும். வேறு இரண்டு பேர் சேர்ந்து செய்த தவறுக்கு அவர் பங்கு பிரிக்க வேண்டியதில்லை, யாரிடம் வேண்டுமானாலும் முழுதும் கேட்கலாம். டி.ஓ. அந்தோணி வழக்கில் 2008-லும் கென்யெய் வழக்கில் 2015-லும் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. மோட்டார் வாகன வழக்குகள்தான், ஆனால் கொள்கை வண்டியோடு நிற்பதில்லை. பங்குச் சண்டையை அவர்களுக்குள் பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

லைசென்ஸ் பற்றியும் ஒரு மல்லுக்கட்டு. 2010-ன் மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளில் 29-வது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் அல்லாமல் வீட்டு மின்னமைப்பில் கூட்டல் மாற்றல் கூடாது என்றது. விளக்கு, ஃபேன், சுவிட்ச், வீட்டு உபயோகச் சாதனம் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு. கேட் மோட்டார் வீட்டு உபயோகச் சாதனம்தானே, மிக்ஸி மாதிரி என்றார் நண்பர். மிக்ஸிக்கு யாரும் டி.பி.யிலிருந்து தூண் வரை தனி லைன் இழுப்பதில்லை என்றேன். சிரிப்பு வந்ததே தவிர, அந்தக் கேள்விக்குள் போகத் தேவையில்லை என்று ஆணையம் விட்டுவிட்டது. எனக்கு அதில் இன்றும் குறைதான். ஒரு முடிவு கிடைத்திருந்தால் இந்த மாவட்டத்துக்குப் பயன்பட்டிருக்கும்.

தொகைக்கு ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பை வைத்தோம், 2010-ல் வந்தது. மெடிக்கல் போர்டு சொல்லும் ஊனச் சதவீதம் வேறு, அதனால் பிழைப்பில் விழும் இழப்பு வேறு என்பது அதன் சாரம். போர்டு கொடுத்த எண் சிறியது. ஆனால் குத்துக்காலிட்டு உட்கார முடியாத தோட்டக்காரர் தோட்டத்தில் என்ன செய்வார்? மடை திருப்ப முடியாது, களை எடுக்க முடியாது, தென்னையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆணையம் அதை ஏற்று, போர்டு சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக வருமான இழப்பைக் கணக்கிட்டது. கடைக்காரர் பொறுப்பு. கையேட்டில் எச்சரிக்கை போதுமான அளவு இருந்ததால் இறக்குமதி நிறுவனம் விடுவிப்பு.

மேல்முறையீட்டுக்குப் போனால் விதித்த தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்கிறது 41-வது பிரிவு. கடைக்காரர் கட்டினார், சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போனார். அங்கே சமரசப் பேச்சில் நண்பரும் நானும் உட்கார்ந்து முடித்துவிட்டோம். தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், அதற்குப் பதிலாக ஒரு ஷரத்துக் கேட்டேன். கடையின் சர்வீஸ் நோட்டில் பைபாஸ் என்று எழுதிய வீடுகளுக்கெல்லாம் கடை ஆள் போய் லூப்பை எடுத்துவிட வேண்டும். பட்டியல் கொடுத்தால் தலையில் தானே மண் போட்டுக்கொள்வதாகும் என்றார் நண்பர். கடைசியில் பட்டியல் இல்லாமல், மோட்டார் வாங்கிய எல்லாருக்கும் மூன்று மாதத்துக்குள் இலவசமாகச் சோதித்துத் தருவதாக எழுத்தில் அறிவிப்பு அனுப்புவது என்று கையெழுத்தானது. அனுப்பவும் செய்தார்கள். கூப்பிட்டவர்கள் சிலர்தான் என்று நண்பர் பின்னால் சொன்னார். சென்சார் இருந்தால் கேட் அடிக்கடி நின்றுவிடும் என்று மற்றவர்களுக்குப் பயம்.

பங்குச் சண்டை நடக்கவில்லை. முதலாளி ஒரு நாள் என் ஆபீசுக்கு வந்து, ஆணையம் விதித்ததில் பாதியளவு ரொக்கத்தைக் கவரில் போட்டு, இது அவருக்கு, கடைக்காரர் கொடுத்தது தனி என்று பெரியவர் கையில் கொடுக்கப் போனார். சட்டப்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை. ரசீது எழுதுகிறேன் என்றேன். "நமக்குள்ள இன்னாத்துக்கு சார் சீட்டு" என்றார் பெரியவர். முதலாளியும் வேண்டாம் என்று தலையாட்டினார். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, இனி இது குறித்து இருவருக்கும் இடையே கோரிக்கை இல்லை என்று எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கவரைக் கொடுக்கவிட்டேன். பெரியவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிள்ளைகள் காலத்தில் இந்தச் சீட்டு இரண்டு வீட்டுக்கும் வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.